பல் வலிக்கு மரப்பு மருந்தா? உஷார்!

கைக்குழந்தை ஈறில் தடவினால் உயிருக்கே ஆபத்து
உதடு நீலமானால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது

சங்கரன்கோவில்:-

பல் வலிக்கும் வாய்ப்புண்ணுக்கும் தடவுகிற மரப்பு மருந்து இரண்டே நிமிடத்தில் வலியை அடக்கி விடுகிறது. ஆனால் அதே மருந்து பால் மணம் மாறாத குழந்தையின் வாய்க்குள் போனால் மூச்சையே அடக்கி விடக்கூடும். வெளிநாடுகளில் குழந்தைகள் இப்படிப் பலியான பிறகுதான் அரசுகள் விழித்துக் கொண்டன.

இது பற்றிய விவரம் வருமாறு:-

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். ராத்திரி ஷிப்டு பார்ப்பவர்களுக்கும், விடியும் முன்பே பூ மார்க்கெட்டுக்கு வந்து நிற்கிறவர்களுக்கும் பல் வலி வந்தால் டாக்டரைப் பார்க்க நேரம் கிடையாது. விடிந்தால் வேலை. வேலை போனால் கூலி போச்சு. ஆகவே கால் நேராக மருந்துக் கடைக்குத்தான் போகிறது.

"அண்ணாச்சி, பல்லு வலி உசுரு போகுது. மரத்துப் போற மாதிரி எதாச்சும் குடுங்க."

எந்த ஊர் மருந்துக் கடையிலும் கேட்கிற பேச்சு இது. கடைக்காரர் ஒரு ஜெல் டியூபை எடுத்து வைப்பார். வாங்கியவர் கடை வாசலிலேயே விரலில் பிதுக்கி ஈறில் தேய்ப்பார். வலி பறந்து விடும். டியூபோடு வந்த துண்டுக் காகிதம் கடை வாசலிலேயே காற்றில் பறக்கும். படிக்க வேண்டியது அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது!

மீதி டியூப் வீட்டு அலமாரிக்குப் போகிறது. அடுத்த வாரம் பேரப்பிள்ளைக்குப் பல் முளைக்கும். பிள்ளை ராத்திரி பூரா அழும். "அவுகளுக்குக் கேட்டுச்சே, பிள்ளைக்கும் கொஞ்சம் தடவுவோம்" என்று பாட்டி அதே டியூபை எடுப்பார்.

வினை அங்கேதான் தொடங்குகிறது.

நீல உதடு

பல் வலி ஜெல்களில் பலவற்றில் 'பென்சோகெய்ன்' என்ற மரப்பு மருந்து இருக்கிறது. தடவிய இடத்தில் நரம்பின் வாயை அடைத்து விடும். அதனால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது.

சிலருக்கு இந்த மருந்து ரத்தத்தில் கலந்து வேறு வேலையும் செய்து விடுகிறது. உடம்பெங்கும் ஆக்சிஜனை ஏற்றிச் செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதிலுள்ள இரும்பை இந்த மருந்து கெடுத்து விடும். பிறகு ரத்தம் ஓடும், ஆனால் ஆக்சிஜன் ஏறாது. லாரி ரோட்டில் ஓடுகிறது, சரக்கு ஏற்ற முடியவில்லை என்ற கதை.

அப்போது உதடு, நகக்கண் எல்லாம் நீலம் பாயும். தோல் சாம்பல் நிறமாகும். மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். தலை சுற்றும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் சிவப்பாக இராது, சாக்லெட் நிறத்தில் இருக்கும்!

தடவிய சில நிமிடத்திலும் இது வரலாம். ஒன்று இரண்டு மணி நேரம் கழித்தும் வரலாம். முதல் தடவையே வரலாம். பத்துத் தடவை ஒன்றும் செய்யாமல் பதினோராவது தடவையும் வரலாம். "போன மாசம் தடவினேனே, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்செல்லாம் இங்கே செல்லாது.

1971-ம் ஆண்டு முதல் இப்படி 400-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் தெரிய வந்திருப்பதாக அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018-ம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வாயில் பென்சோகெய்ன் தடவவே கூடாது, பல் முளைக்கும் வலிக்கென்று அதை விற்கவும் கூடாது என்று அப்போது அது கண்டிப்பாகச் சொல்லி விட்டது.

கைக்குழந்தைக்கு ஆபத்து அதிகம். கெட்டுப்போன ஹீமோகுளோபினைத் திருப்பிச் சரி செய்கிற சக்தி அதன் ரத்தத்தில் குறைவு. பெரியவர்களிலும் ஆஸ்துமாக்காரர்கள், இருதய நோயாளிகள், பீடி சிகரெட் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இந்த நிலை வந்தால் உடம்பு தாங்காது.

உதடு நீலம் பாய்ந்தால் ஆக்சிஜன் வைத்தால் மட்டும் சரியாகாது. 'மெத்திலீன் புளூ' என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்ற வேண்டும். அதுவும் நீல நிறச் சாய மருந்து. நீலத்தைப் போக்க நீல மருந்து என்பது வேடிக்கைதான். ஆனால் அதை வீட்டில் வைத்துச் செய்ய முடியாது. 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தடவிய டியூபையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். என்ன மருந்து தடவினார்கள் என்று தெரிந்து விட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

22 பிள்ளைகள்

இன்னொரு மரப்பு மருந்து 'லிக்னோகெய்ன்'. சுவீடன் நாட்டில் 1943-ம் ஆண்டு நில்ஸ் லோப்கிரென் என்ற விஞ்ஞானி உருவாக்கியது. 1948-ல் விற்பனைக்கு வந்தது. இன்றைக்குப் பல் டாக்டர் போடுகிற ஊசியில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். டாக்டர் கையில் இருக்கும் வரை நல்ல மருந்து.

இதே மருந்து வாயில் ஊற்றிக் கொப்பளிக்கிற கொழகொழ திரவமாகவும் வருகிறது. பெரியவர்களின் வாய்ப்புண்ணுக்கு டாக்டர் எழுதித் தருவார். இதைக் குழந்தைகளுக்குக் கொடுத்ததாலும், குழந்தைகள் தாங்களே எடுத்துக் குடித்ததாலும் விபரீதம் நடந்த 22 சம்பவங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014-ம் ஆண்டு ஆராய்ந்தது. 5 மாதக் குழந்தை முதல் மூன்றரை வயதுப் பிள்ளை வரை அதில் உண்டு. சாவுகளும் உண்டு. பல் முளைக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

காரணம் எளிது. பிள்ளைக்குத் துப்பத் தெரியாது. விழுங்கி விடும். தொண்டை மரத்துப்போனால் பால் குடிக்கும்போது புரையேறி மூச்சுக்குழலுக்குள் போய் விடும். மருந்து ரத்தத்தில் அதிகமாகி விட்டால் வலிப்பு வரும், இருதயம் தடுமாறும். பிள்ளை இன்னும் அழுகிறதே என்று தாய் மறுபடி மறுபடி தடவுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஆஸ்பிரின் மாத்திரையின் உறவுக்கார மருந்தான 'கோலின் சாலிசிலேட்' கலந்த ஜெல். வாய்ப்புண்ணுக்கு நம் நாட்டில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. பிரிட்டனில் 2009-ம் ஆண்டு முதல் இந்த ரக ஜெல்லை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தர வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். நம் ஊரில் டியூபைத் திருப்பிப் பார்த்து உள்ளே என்ன மருந்து என்று வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்?

சரி, பல் முளைக்கிற பிள்ளைக்கு என்னதான் செய்வது? சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து கடிக்கக் கொடுக்கலாம். கையை நன்றாகக் கழுவி விட்டு விரலால் ஈறை மெதுவாகத் தேய்த்து விடலாம். காசு செலவில்லை. பல் முளைத்தால் காய்ச்சலும் பேதியும் வரத்தான் செய்யும் என்று சும்மா இருந்து விடக்கூடாது. நல்ல காய்ச்சல் அடித்தால் அது வேறு நோய், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குற்றாலத்துக் கிராம்பு

"இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், கிராம்பு இருக்கு" என்று சொல்கிறவர்களும் உண்டு. தவறில்லை. ஆனால் அதிலும் அளவு இருக்கிறது.

கிராம்புக்கும் தென்காசிச் சீமைக்கும் பழைய சொந்தம். 1800-ம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தியாவில் முதன்முதலாகக் கிராம்புச் செடியைக் கொண்டுவந்து நட்டது குற்றாலத்தில் போட்ட வாசனைத் தோட்டத்தில்தான்! கன்னியாகுமரி மலைகளில் விளைகிற கிராம்புக்கு 2021-ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்து விட்டது.

கிராம்பு எண்ணெயில் பெரும் பங்கு 'யூஜினால்' என்ற சரக்கு. அதுதான் மரக்க வைக்கிறது. பல் டாக்டர்களே குழியை அடைக்கிற தற்காலிகப் பூச்சில் யூஜினாலைக் கலக்கிறார்கள். குவைத்தில் 73 பேரின் ஈறில் கிராம்புக் குழம்பையும் பென்சோகெய்ன் ஜெல்லையும் தடவி ஊசியால் குத்திப் பார்த்தார்கள். இரண்டும் சரிசமமாக மரக்க வைத்தன என்று 2006-ம் ஆண்டு எழுதினார்கள். பாட்டி வைத்தியம் வெறும் நம்பிக்கை அல்ல என்பதற்கு இது சாட்சி.

ஆனால் கிராம்பு வேறு, கிராம்பு எண்ணெய் வேறு. ஒரு கிராம்பை வலிக்கிற பல்லில் வைத்து மெல்லக் கடித்துக்கொண்டால் பெரிதாக ஒன்றும் ஆகி விடாது. எண்ணெய் அப்படியல்ல. ஒரு சொட்டு எண்ணெயைச் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லின் மேல் மட்டும் சிறிது நேரம் வைக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் ஈறு வெந்து போகும். பல் வலி போய் ஈறு வலி வரும்.

இங்கிலாந்தில் 2 வயதுப் பையன் ஒருவன் 5 முதல் 10 மில்லி கிராம்பு எண்ணெயைக் குடித்து விட்டான். ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன்தான். வலிப்பு வந்தது, நினைவு தப்பியது, ஈரல் கெட்டது. பெரும்பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். 1993-ம் ஆண்டு டாக்டர்களின் பத்திரிகையில் இந்தச் சம்பவம் வெளியானது. நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற சின்னப் பாட்டிலே போதும், பிள்ளைக்கு விஷம். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டிய பொருள் இது.

எருக்கம்பால், சூடம், பொடி

கிராம்பு பரவாயில்லை. மற்ற கை வைத்தியங்கள் சில கொடுமை.

எருக்கம்பாலைப் பல் குழியில் விடுகிறார்கள். அது வாயைப் புண்ணாக்கும். விரலில் ஒட்டிய பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கி விடும். சூடத்தை வைத்து அடைக்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லிடுக்கில் ஒதுக்குகிறார்கள். மாத்திரை வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்தால்தான் வலி குறையும். ஈறில் வைத்தால் ஈறு வெள்ளையாக வெந்து உரியும். அவ்வளவுதான்.

புகையிலையும் மூக்குப்பொடியும் தனிக் கதை. "ஒரு சிட்டிகை ஈறுல தேச்சா வலி தெரியாது" என்று ஆரம்பிப்பது, வலி போன பிறகும் நிற்பதில்லை. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலக்க 1992-ம் ஆண்டே மத்திய அரசு தடை விதித்து விட்டது. பொட்டலத்துப் புகையிலையை வாங்கி ஈறில் தேய்ப்பவரை எந்தத் தடை தடுக்கும்?

'பல் புழு' எடுக்கிற ஆசாமிகளும் திருவிழாக் கூட்டத்தில் தென்படுவதுண்டு. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, புகையை வாய்க்குள் விட்டு, "பாருங்க, புழு விழுந்திருக்கு" என்று காட்டுவார்கள். விழுந்தது புழுவே அல்ல. சூட்டில் வெடித்த விதையின் முளைதான் புழு மாதிரி சுருண்டு கிடக்கிறது. சில பேர் கையில் ஒளித்து வைத்ததையே எடுத்துக் காட்டுவார்கள். பல்லில் புழு கிடையாது என்று பிரெஞ்சு நாட்டுப் பல் வைத்தியர் பியர் போஷார் 1728-ம் ஆண்டே எழுதி விட்டார். தின்ற இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு கழிந்தும் புழு வியாபாரம் நடக்கிறது என்றால் வலிக்கு அவ்வளவு சக்தி!

சங்கரநாராயணர் கோவில் புற்று மண்ணை ஆடித்தபசுக்கு வருகிற பக்தர்கள் பிரசாதமாக எடுத்துப் போகிறார்கள். நெற்றியில் இட்டுக்கொள்வது அவரவர் நம்பிக்கை. அதில் யாரும் குறுக்கே நிற்க முடியாது. ஆனால் எந்த மண்ணையும் வாய்ப்புண்ணிலோ பல் குழியிலோ வைக்கக் கூடாது. திறந்த புண்ணுக்கும் மண்ணுக்கும் ஆகாது.

மிளகளவு போதும்

பெரியவர்கள் மரப்பு ஜெல் போடுவதில் குற்றமில்லை. போடுகிற விதம் இருக்கிறது.

முதலில் வாயைக் கொப்பளித்து, வலிக்கிற இடத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்த வேண்டும். எச்சில் ஈரத்தில் ஜெல் நிற்காமல் தொண்டைக்குப் போகும். மிளகளவு எடுத்து வலிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் போதும். பல் தேய்க்கிற மாதிரி வாய் பூராவும் இழுக்கிறவர்கள் மருந்தைத் தின்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. ஒரு வாரத்துக்கு மேலும் கூடாது. தடவிய பிறகு ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது நல்லது. மரத்துப்போன வாய்க்குச் சூடு தெரியாது. கொதிக்கிற டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார்கள், கன்னத்தையே கடித்து மென்று விடுவார்கள்.

இளஞ்சூடான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது ஜெல்லுக்குச் சளைத்ததல்ல. பல்லிடுக்கில் சிக்கிய உணவு வெளியே வந்தாலே பாதி வலி போகும். வீங்கிய கன்னத்தில் தவிட்டு ஒத்தடமும் சுடுதண்ணீர் ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ்தான் வைக்க வேண்டும். வலி பொறுக்க முடியாவிட்டால் பாரசிட்டமால் மாத்திரை விழுங்கலாம், அதையும் கை நிறைய அள்ளிப் போடாமல். சாராயம் வாயில் வைத்தால் வலி போகும் என்பது குடிக்கிறவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்.

வலி நின்றதும் ஆபத்து

மரப்பு மருந்து வலியை மறைக்குமே தவிர சொத்தையை ஆற்றாது. சொத்தை உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. பத்து நாள் துடிக்க வைத்த பல் ஒரு நாள் காலையில் திடீரென்று அமைதியாகி விடும். "ஜெல் கேட்டுடுச்சு" என்று மகிழ்ச்சியாக இருப்பார்கள். பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப் போயிருக்கும்! செத்த நரம்பு வலிக்காது. கிருமி வேர் வழியாக இறங்கித் தாடை எலும்பில் சீழ் கட்டும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் அதற்குப் பெயர் 'லுட்விக் ஆஞ்சினா'. 1836-ம் ஆண்டு இதை விவரித்த ஜெர்மன் டாக்டரின் பெயர். தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கும். நாக்கு மேலே தூக்கும். வாய் திறக்காது. எச்சில் விழுங்க முடியாமல் வடியும். குரல் மாறும். கடைசியில் மூச்சுக்குழல் அடைபடும். ஒரு சொத்தைப் பல் ஆளையே கொன்று விடும் என்றால் நம்ப மாட்டார்கள். இதுதான் அந்த வழி.

இந்த அறிகுறியில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அப்போது ஜெல்லைத் தேடுவது வெட்டி வேலை.

ஊசிக்குப் பயமா?

பல பேர் ஜெல்லோடு மாதக்கணக்கில் ஓட்டுவதற்குக் காரணம் காசு மட்டுமல்ல. ஊசி பயம். உண்மையில் மரப்பு மருந்திலேயே அளவு தெரிந்து, ஆள் பக்கத்தில் இருந்து, பத்திரமாகக் கொடுக்கப்படுவது அந்த ஊசிதான். ஒரு காலத்தில் பல் வலிக்குக் கொக்கெய்ன் கொடுத்தார்கள். 1884-ல் அதை ஊசியில் ஏற்றித் தாடை நரம்பை மரக்க வைத்துச் சோதித்த அமெரிக்க டாக்டர் ஹால்ஸ்டெட், தன் மேலேயே சோதித்து அதற்கே அடிமையாகிப் போனார். லிக்னோகெய்னில் அந்த வம்பு இல்லை.

ஊசி போடும் முன் ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சர்க்கரை, கர்ப்பம், முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் போட்டால் மரமரப்பு நீங்கும் வரை இரண்டு மூன்று மணி நேரம் கண் வைத்திருக்க வேண்டும். விளையாட்டாய் உதட்டைக் கடித்து ரணமாக்கிக் கொள்வார்கள்.

சுத்தம் முக்கியம். வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்களில் 10 பேரை மூளையைத் தாக்கும் ஒரு கிருமி பிடித்தது. அவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2023-ம் ஆண்டில் நடந்த இந்தக் கொடுமையை ஆராய்ந்தவர்கள் 2025-ல் அறிக்கை வெளியிட்டார்கள். புண்ணைக் கழுவுகிற செலைன் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து, மிச்சத்தை மூடி வைத்து அடுத்தவருக்கும் பயன்படுத்தியதே காரணம் என்று அதில் கூறப்பட்டது. மருந்தில் பிழையில்லை. கையில்தான் பிழை. ஆகவே பதிவு பெற்ற பல் டாக்டர்தானா என்று பார்ப்பதும், புது ஊசியா, புது பாட்டிலா என்று கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது.

ஆறாத புண்

வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ப்புண் என்று ஜெல் தடவுகிறீர்கள். சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறி விடும். மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை, ஓரம் தடித்திருக்கிறது, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது என்றால் அது புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். ஆரம்பத்தில் அது வலிப்பதே இல்லை. வலிக்கிற காலத்தில் அதன் மேல் ஜெல் தடவி மரக்க வைத்தால் மாதங்கள்தான் ஓடும். சதையில் துளி எடுத்துச் சோதித்தால்தான் என்னவென்று தெரியும்.

டாக்டரிடம் போகும்போது எத்தனை நாளாக என்ன தடவினீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திட்டுவாரோ என்று டியூபை ஒளிக்க வேண்டாம்.